.22 இலக்குப் பிஸ்டலில் பேரல் மாற்றிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

புதுப் பேரல் மாட்டிய பிறகு பிஸ்டல் முரண்டு பிடித்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பேரலைத்தான், அதாவது குண்டு ஓடி வெளியேறும் குழாயை. பணம் கொடுத்து வாங்கியது அதைத்தானே. ஆனால் .22 லாங் ரைஃபிள் பிஸ்டல்களில் இப்படி வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பேரலுக்குள் இருப்பதில்லை. பேரல் எதன் மேல் உட்காருகிறது, எது அதை இழுத்துப் பிடித்திருக்கிறது, அதை மாற்றுவதற்காக வேறு எதையெல்லாம் கழற்றினோம் என்று தேடினால் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். புதுப் பேரலைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிச் சுட்டுப் பாருங்கள். தொல்லை போய்விட்டால் அது உட்கார்ந்த விதத்தின் கோளாறு. போகவில்லை என்றால் பழைய பேரலை மாட்டி, அதே தோட்டா, அதே மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) சுடுங்கள். பழையதிலும் அதே கோளாறு வந்தால் பேரலை விட்டுவிட்டு பிஸ்டலின் உடம்பையும் மேகசினையும் பாருங்கள். பழையதில் வரவே இல்லை என்றால்தான் புதுப் பேரல் மேல் கை வைக்கலாம். பேரல், ஸ்பிரிங், தோட்டா மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. பழைய பேரலை விற்க அவசரப்படாதீர்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

இங்கே சொல்வதெல்லாம் உங்கள் மாடலுக்கென்றே தயாரித்து விற்கப்படும் மாற்றுப் பேரலுக்குத்தான் பொருந்தும். கடைசல் பிடித்து, மரை வெட்டிப் பொருத்த வேண்டிய பேரல் என்றால் அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. பல நாடுகளில் பேரலைத் தனியாக வாங்கினாலும் அதற்கு உரிமம் வேண்டும். வாங்கும் முன்பே உரிமம் தரும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கை வைக்கும் முன்: மேகசினை வெளியே எடுங்கள், ஸ்லைடைப் (முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள், சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். வேலை நடக்கும் மேஜையில் தோட்டா இருக்கவே கூடாது. ஏற்றி இறக்கிப் பார்க்க டம்மி தோட்டா போதும். ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் பேரல் எப்படி நிற்கிறது?

இது தெரியாமல் அறிகுறியைப் படிக்க முடியாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41-இல் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, டிரிகர் கார்டைக் கீழே இழுத்தால் பேரல் அப்படியே மேலே வந்துவிடும். அதில் பின் சைட்டும் (குறி பார்க்கும் பாகம்) பேரலோடு சேர்ந்தே இருக்கிறது. அதனால் கழற்றி மாட்டினாலும் குறி பெரிதாக மாறுவதில்லை. பிரௌனிங் பக் மார்க்கில் பேரலைக் கீழேயிருந்து ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. பின் சைட் இருப்பது தனியாக ஒரு தகட்டில், அந்தத் தகட்டுக்கு அதன் சொந்த ஸ்க்ரூக்கள். அங்கே குறி மாற இடம் நிறைய. ரூகர் மார்க் வரிசையில் பேரல் ரிசீவர் குழாயோடு மரையில் முறுக்கி இறுக்கப்பட்டது. அதில் சாதாரணமாக மாற்றுவது பேரலையும் ரிசீவரையும் சேர்த்த மேல்பாகம் முழுவதையும்தான், தனிப் பேரலை அல்ல.

சைட் இரண்டும் பேரல் மேலேயே இருக்கிறதா, அல்லது ஒன்று பேரலிலும் ஒன்று உடம்பிலுமா? இந்தக் கேள்விக்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குரூப் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது

குரூப் என்பது ஒரே குறியில் சுட்ட குண்டுத் துளைகளின் கூட்டம். சைட் பிரிந்திருக்கும் வகையில் இது கோளாறே அல்ல. புதுப் பேரல் பழையதைப் போல அச்சு அசலாக உட்காராது. பின் சைட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட் நகர வேண்டும்.

சைட்டைக் கடைசி வரை திருப்பியும் போதவில்லை என்றால் அப்போது யோசியுங்கள். பேரலின் இருக்கை 40 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு முனையில் வெறும் 0.05 மில்லிமீட்டர் தடிமனில் காய்ந்த த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) துணுக்கு ஒன்று மாட்டிக்கொண்டால், 25 மீட்டரில் அது 31 மில்லிமீட்டர் விலகலாகப் போய் நிற்கும். 25 மீட்டர் போட்டியில் துல்லியச் சுற்றின் இலக்கில் 10 வளையத்தின் விட்டமே 50 மில்லிமீட்டர்தான். நடுவில் விழ வேண்டிய குண்டு வளையத்தைத் தாண்டிவிடும்.

எனவே இருக்கையைத் துடைத்து, பேரலின் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனா மையை மெல்லிசாகப் பூசி, மாட்டி இறுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. இருக்கை நெடுக, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பளபளப்பு என்றால் அங்கே அழுக்கோ பிசிறோ இருக்கிறது. அழுக்கென்றால் துடையுங்கள். பிசிறு பேரலில் இருந்தால் கடைக்காரரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இருக்கையை அரத்தால் ராவ ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

குரூப் சிதறுகிறது, அல்லது இரண்டு குரூப்பாகப் பிரிகிறது

எனக்குப் பிடித்த அறிகுறி இது. காரணத்தை இவ்வளவு நேராகக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி வேறு இல்லை. குண்டுகள் ஒரே மாதிரி பரவலாகச் சிதறுவது வேறு, தெளிவாக இரண்டு இடத்தில் கூடுவது வேறு. இரண்டாகப் பிரிந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடுகிறது என்று அர்த்தம்.

ஆடுவது பேரலாக இருக்கலாம், பின் சைட் தகடாகவும் இருக்கலாம். பேரலுக்கும் உடம்புக்கும் குறுக்காக நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள், ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை இன்னொன்று. ஒரு பெட்டி சுட்டு முடித்துப் பாருங்கள். கோடு உடைந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது. சைட் தகட்டை அலட்சியம் செய்யாதீர்கள்: முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர் என்றால், பின் சைட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 25 மீட்டரில் 11 மில்லிமீட்டர் விலகும். கையால் அசைத்துப் பார்த்தால் அந்த ஆட்டம் தெரியவே தெரியாது.

ஸ்க்ரூவை இறுக்குவதிலும் முறை இருக்கிறது. மரையில் எண்ணெய் இருந்தால் த்ரெட்லாக்கர் பிடிக்காது. ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, நீல நிற வகையில் ஒரு துளி மட்டும் போடுங்கள். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றப் போவதும் நீங்கள்தான். முழுதாக இறுகுவதற்கு ஒரு நாள் விடுங்கள். போட்டுவிட்டு அரை மணியில் சுடப்போவதும் போடாமல் இருப்பதும் ஒன்றே. முறுக்கு அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருந்தால் டார்க் ரெஞ்ச் வைத்து அதையே பின்பற்றுங்கள். அலுமினிய உடம்பில் எஃகு ஸ்க்ரூவை முழு பலத்தோடு திருகினால் முதலில் போவது மரைதான்.

கோடு எதுவும் உடையவில்லை, ஆனாலும் பரவலாகச் சிதறுகிறதா? இரண்டு காரணங்கள் மிச்சம். ஒன்று, பேரல் முனையின் விளிம்பு. குண்டு வெளியேறும் அந்தக் கடைசி விளிம்பில் சின்ன அடி பட்டிருந்தாலும் வாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பஞ்சு முனைக் குச்சியை விளிம்பைச் சுற்றி ஓட்டினால் பிசிறு இருக்குமிடத்தில் பஞ்சு மாட்டும். இன்னொன்று, தோட்டா. .22 பேரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்பம் உண்டு. பழையதற்கு இனித்த தோட்டா புதியதற்குக் கசக்கலாம். நாலைந்து வகை வாங்கி, கையைத் தாங்கலில் வைத்து, வகைக்கு இரண்டு மூன்று குரூப் சுட்டு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு வகை முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகும் எண்ணெய்யும் வகைக்கு வகை வேறு, பேரலின் உள்சுவரில் அது படிந்து நிலைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நன்றாகத் துடைத்த பேரலிலும் இதே கதைதான்.

தோட்டா சேம்பருக்குள் ஏற மறுக்கிறது

மாட்டிய தோட்டாவை எடுத்து மூக்கைப் பாருங்கள். சாட்சி அங்கே இருக்கும். ஈய மூக்கின் அடிப்பக்கம் சப்பையாகியிருந்தால் சேம்பரின் கீழ் விளிம்பில் முட்டியிருக்கிறது. மேல்பக்கம் நசுங்கியிருந்தால் மேகசின் தோட்டாவை அளவுக்கு மேல் தூக்கிவிடுகிறது. பக்கவாட்டில் ஒரே இடத்தில் ஈயம் சீவப்பட்டிருந்தால் சேம்பர் வாயில் பிசிறு.

கீழே முட்டுவதற்குப் பேரல் முழுதாகப் பின்னால் போய் உட்காராததே பெரும்பாலும் காரணம். இருக்கையில் மயிரிழை தூக்கினாலும் ஏறுபாதை நேராக இருக்காது. அது சரியாக இருந்தால் மேகசினை மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு மேகசினில் மட்டும் வரும் தொல்லை பேரலுடையது அல்ல, அந்த மேகசினின் உதடுகள் விரிந்திருக்கின்றன. சுழலும் கருவியில் மெருகுத் தலையை மாட்டிச் சேம்பர் வாயைப் பளபளப்பாக்கும் யோசனை யாருக்காவது வந்தால் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்தால் பற்றும் வகை) தோட்டாவின் விளிம்பு தாங்கி நிற்கும் இடம் அதுதான். அதை உருட்டிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஸ்லைடு கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடுவதில்லை

பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் அபாயமானவற்றில் ஒன்று. கட்டைவிரலால் ஸ்லைடைத் தள்ளி மூடிச் சுடாதீர்கள். முழுதாக மூடாத நிலையில் வெடித்தால் தோட்டாவின் உலோகக் கூட்டின் பின்பக்கத்தைத் தாங்க எதுவும் இருக்காது.

துப்பாக்கியைக் காலியாக்கி, தோட்டா இல்லாமல் ஸ்லைடை மெதுவாக மூடுங்கள். அப்போதும் நின்றால் உலோகம் உலோகத்தில் இடிக்கிறது. கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி நுழைய பேரலின் பின்முகத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். பேரல் ஒரு இழை திரும்பி உட்கார்ந்தால் கொக்கி பள்ளத்தில் நுழையாமல் முகத்தில் மோதும். மார்க்கர் மை இதையும் காட்டும். பேரலைத் திரும்பவிடாமல் நிறுத்தும் பின்னோ சாவியோ இருந்தால் அது தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலியாக இருக்கும்போது மூடுகிறது, தோட்டாவோடு மூடவில்லை என்றால் சேம்பர் இறுக்கம். ரேஞ்சில், பேரலைத் தனியே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தோட்டாவைச் சேம்பரில் விடுங்கள். போட்டிக்கென்று வெட்டிய சேம்பரில் கடைசிச் சிறு தூரம் விரலால் அழுத்த வேண்டியிருக்கும். குண்டு பேரலுக்குள் உள்ள சுருள் வரிகளைத் தொட்டு நிற்பதால் அது இயல்பு. விரலுக்கும் அடங்கவில்லை என்றால் சேம்பர் அழுக்காக இருக்கிறது அல்லது அந்தத் தோட்டா அதற்குத் தடிமன். வேகம் கூடிய வகைகளை விட்டு, ஸ்டாண்டர்ட் வேக இலக்குத் தோட்டாவுக்கு மாறிப் பாருங்கள். இறுக்கமான சேம்பரில் இன்னொரு தொல்லை: சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது கூடு மட்டும் வந்து, குண்டு பேரலுக்குள்ளேயே தங்கி, வெடிமருந்து உள்ளே கொட்டிவிடலாம். அப்படி நடந்தால் பேரலைக் கழற்றி, குண்டை எடுத்து, சுத்தம் செய்யும் வரை அடுத்த தோட்டா கிடையாது.

டிரிகர் அடித்தது, வெடிக்கவில்லை

துப்பாக்கியை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து, பிறகு வெளியே எடுங்கள். இப்போது விளிம்பில் உள்ள தழும்பைப் படிக்கலாம். ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்து விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பைப் பேரலின் முகத்தோடு சேர்த்து நசுக்கினால்தான் பற்றும். அதாவது பேரலின் பின்முகம்தான் இங்கே அடிக்கல். பேரல் மாற்றினால் வெடிக்காமல் போவதற்கும் இதுதான் காரணம்.

தழும்பு ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையா, தோட்டாவின் குறை. விளிம்புக்குள் எல்லா இடத்திலும் மருந்து சமமாகப் பரவியிருக்காது. ஒன்றிரண்டு இப்படி வந்தால் விட்டுவிடுங்கள். தழும்பு மேலோட்டமாக இருந்து, அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால் அது வேறு கதை: முதல் அடி மருந்தை நசுக்குவதில் போகாமல் தோட்டாவை உள்ளே தள்ளுவதில் போயிருக்கிறது. தோட்டா முழுதாகப் போய் உட்காரவில்லை, மேலே சொன்ன இறுக்கச் சேம்பர் பகுதிக்குத் திரும்புங்கள்.

எல்லாத் தழும்பும் மேலோட்டமாகவே இருந்தால் ஃபயரிங் பின் ஓடும் பாதையில் பிசுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால் பேரல் முகத்துக்கும் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) முகத்துக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கலாம். .22 தோட்டாவின் விளிம்புத் தடிமன் அதிகபட்சம் 0.043 அங்குலம், ஏறக்குறைய 1.09 மில்லிமீட்டர். அந்த இடைவெளியை அளக்கத் தனி அளவுக்கட்டைகள் உண்டு, துப்பாக்கி மெக்கானிக்கிடம் இருக்கும். கண்மதிப்பில் செய்கிற வேலை இல்லை அது. அதிக வலுவான ஹேமர் ஸ்பிரிங் போட்டு அறிகுறியை மறைக்கவும் வேண்டாம்.

வெற்றுக்கூடு சேம்பரிலேயே நிற்கிறது, அல்லது வெளியேறும் வாயில் சிக்குகிறது

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வாயில் சிக்குகிறது என்றால் கூடு சேம்பரிலிருந்து வந்துவிட்டது, ஸ்லைடுக்கு வேகம் போதவில்லை. புதுப் பேரலின் அடியில் ஸ்லைடு உரசுகிறதா, ஸ்பிரிங் தன் வழிகாட்டிக் கம்பியில் நேராக இருக்கிறதா, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். பேரல் பழையதைவிட மிக லேசானது என்றால் மணிக்கட்டை உறுதியாகப் பிடித்தும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள்.

சேம்பரிலேயே நிற்கிறது என்றால் பேரலைக் கழற்றி, சுட்ட கூட்டை விரலால் உள்ளே விட்டு வெளியே எடுங்கள். எந்த இடத்திலாவது பிடித்தால் சேம்பர் வாயின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். சேம்பர் காலியாக இருக்கும்போது டிரிகர் இழுத்துப் பழகியவர்களின் பிஸ்டலில் ஃபயரிங் பின் அந்த ஓரத்தை அடித்து அடித்து உள்பக்கம் ஒரு சின்ன முட்டு எழுப்பியிருக்கும். அந்த முட்டுதான் கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதை வெளியே தள்ளிச் சமன் செய்யும் உருளைக் கருவி இருக்கிறது, மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். சில நாட்களே ஆன புதுப் பேரலில் இந்த முட்டு தெரிந்தால் ஃபயரிங் பின் அளவுக்கு மேல் வெளியே நீள்கிறது. முட்டை மட்டும் சரிசெய்துவிட்டுப் பின்னை விட்டால் திரும்ப வரும்.

கூடு வீங்கியோ பிளந்தோ வருகிறது, முகத்தில் காற்று அடிக்கிறது

நிறுத்துங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. பேரலையும் சுட்ட கூடுகளையும் சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக ஒலித்தாலும் அதே: குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைத் தொடுமுன் பேரலைக் கழற்றி வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

ஸ்க்ரூ கழல மாட்டேன் என்கிறது

பேரல் மாற்றவே முடியாமல் நிற்பவர்களுக்கு. தேய்ந்த ஆலன் கீயோடு போராடினால் ஸ்க்ரூவின் குழி வட்டமாகிவிடும். புதுக் கீ எடுங்கள், அல்லது பழையதன் முனையை நேராக வெட்டுங்கள். குழிக்குள் இறுகிய அழுக்கை ஊசியால் கிளறி எடுத்தால்தான் கீ முழு ஆழம் இறங்கும். அப்புறம் சூடு: நீல த்ரெட்லாக்கர் கைக் கருவிக்கே விட்டுக்கொடுக்கும், சிவப்புக்கு ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் அயர்னைச் சிறிது நேரம் வைத்தால் சூடு அங்கே மட்டும் இறங்கும். டார்ச் நெருப்பு வேண்டாம், சாயமும் போகும், பக்கத்தில் உள்ள ஸ்பிரிங்கின் விறைப்பும் போகும்.

நன்றாகச் சுடுகிறது, ஆனால் போட்டியின் கருவிப் பரிசோதனையில் நிற்கிறது

25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்கான ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதியில் பேரல் 153 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, சைட் இடைவெளி 220-க்கு மேல் கூடாது, எடை 1400 கிராமுக்குள், டிரிகர் இழுப்பு குறைந்தது 1000 கிராம். முழுத் துப்பாக்கியும் 300க்கு 150க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். பேரலில் துளை போட்ட வகைகளும், முனையில் வாயுவைத் திருப்பும் அமைப்புகளும் அனுமதியில்லை. விற்பனைக்கு வரும் மாற்றுப் பேரல்களில் பல பொழுதுபோக்குச் சுடுதலுக்கானவை. நீளத்திலோ துளையிலோ இந்த விதியைத் தாண்டிவிடும். போட்டிக்குப் போகிறவர் பேரல் வாங்கும் முன்பே நீளத்தை அளந்து பார்ப்பது நல்லது. சேம்பரையும் சேர்த்துத்தான் அளப்பார்கள்.